வட்டக்குளத்தில் மூன்று சிவப்புத் துண்டு

குதிரை வண்டியில் ஏறியே பழக்கமில்லாதவர்களும் இந்தப் புதிரை அவிழ்க்கலாம். கதை முடிகிறவரை காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருங்கள், போதும்.

செம்மணலூரில் காணும் பொங்கலன்று நடக்கும் குதிரை வண்டிப் பந்தயம் நாலு வருஷமாக இழுபறியில் இருந்தது. வந்த குதிரைகளுக்கு ஓட்டத்தைவிடப் புல்லில்தான் அக்கறை. பந்தயம் வட்டக்குளத்தின் கிழக்கு மடையில் புறப்பட்டு, கரைமேல் போகும் சாலையில் ஐந்து சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடியும். அதனால் ஊரே மடைப் பக்கம் முண்டியடிக்கும். இடம் கிடைக்காதவர்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த வருஷமும் இப்படியே போனால் பந்தயத்தையே நிறுத்திவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று.

அதைக் கேட்டதிலிருந்து விழாக் குழுச் செயலாளர் மைக் செட்டு உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கிறவர்தான். ஆனால் குதிரைகள் மடையைத் தாண்டும்போது அந்தக் குரலில் வரும் சந்தோஷம் வேறெதிலும் வராது. நல்ல குதிரை வந்தால் கூட்டம் தானாக வரும் என்று துணிந்து, அவரே அழைக்கக் கிளம்பினார்.

குதிரையை அழைப்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. அதன் கழுத்தில் சிவப்புத் துண்டைக் கட்டி, முடிச்சுப் போடும்போது ஊர் சார்பில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்குத் தவறினால் குதிரைக்காரர் துண்டை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதோடு அந்த ஊருக்கும் அந்தக் குதிரைக்கும் உறவு முடிந்தது. சேதி பரவினால் வேறு குதிரையும் வராது.

உலகநாதன் முதலில் கோவைப் பக்கம் போய், நாச்சிமுத்துக் கவுண்டரின் வெண்சங்குக்குத் துண்டு கட்டினார். "புறப்படும்போது உங்க குதிரை இன்னொரு வண்டியோட முதுகைப் பார்த்து நிக்காது, புழுதியைக் குடிக்காது. இது செம்மணலூர் வாக்கு" என்றார். பிறகு உறையூர் ரவூஃப் பாயின் பாதுஷாவுக்கும் அதே வாக்கு. காரைக்கால் லூர்துமேரியம்மாளின் கடலழகிக்கும் அதே. ஒன்றாவது வரட்டும் என்று மூன்று தூண்டில் போட்ட மனிதருக்கு மூன்றிலும் மீன் மாட்டியது.

காணும் பொங்கல் காலையில் மூன்று குதிரைகளும் ஊருக்குள் நுழைந்தபோது செம்மணலூர் துள்ளிக் குதித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். உலகநாதனுக்கு ஒரு கண்ணில் ஆனந்தம், மறு கண்ணில் பயம். கரைச்சாலையில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அறுக்காத நெல். மூன்றாவது வண்டி பின்னால்தான் நிற்க வேண்டும்.

கவுண்டர்தான் முதலில் கேட்டார். "ஏனுங்க, உங்க வாயில வந்தது வாக்குங்களா, வெறும் காத்துங்களா?"

தனித்தனியாக ஓடவிட்டு நேரம் பார்க்கலாமா என்று உலகநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். அதெல்லாம் ஆகாது, மூன்று வண்டியும் ஒரே வேட்டுக்குத்தான் புறப்பட வேண்டும் என்று பாய் மரியாதையாக மறுத்துவிட்டார். லூர்துமேரியம்மாள் கடலழகியின் கழுத்து முடிச்சில் கை வைத்தாள்.

"சொல்லிடுங்க தம்பி. துண்டை அவுக்கவா, வண்டியைப் பூட்டவா?"

உலகநாதன் திரும்பிக் குளத்தைப் பார்த்தார். நட்டநடுவே திட்டில் ஐயனார் கோயில். திருவிழா வேட்டு அங்கேதான் போடுவார்கள், கரை முழுக்க ஒன்றுபோலக் கேட்கும். பரிசலில் அங்கே போய் நின்றால் சாலையின் எந்த இடமும் கண்ணுக்குத் தப்பாது. பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"வண்டியைப் பூட்டுங்கம்மா" என்றார்.

சாலை ஒரு சாண்கூட அகலமாகவில்லை. மூன்று குதிரைகளும் ஒரே வேட்டுக்குப் புறப்பட்டன, ஒரே தூரம் ஓடின. எந்தக் குதிரையும் இன்னொன்றின் புழுதியில் நிற்கவில்லை. மூன்று வாக்கும் நின்றது. அப்படியானால், உலகநாதன் வண்டிகளை எங்கே நிறுத்தினார்?

விடை: சுற்றி வருகிற சாலைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. மடையில்தான் புறப்பட வேண்டும் என்பது வெறும் பழக்கம். குளத்தைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு வண்டியாக நிறுத்தினார் உலகநாதன். ஐந்து சுற்று முடித்துத் தன் கோட்டைத் தாண்டியதும் அங்கே கொடி ஏறும். எந்தக் கொடி முதலில் ஏறுகிறது என்று திட்டில் நின்ற விழாக் குழுத் தலைவர் பார்த்தார். கடலழகியின் கொடி ஏறி, கண் இமைப்பதற்குள் பாதுஷாவின் கொடியும், அதன் பின்னாலேயே வெண்சங்கின் கொடியும் ஏறின. மடையில் மட்டும் நெரிந்த கூட்டம் அன்று குளம் முழுக்க நின்றது. எங்கே நின்றவனுக்கும் தான் முன்வரிசை என்றே நினைப்பு, ஒருவரும் பாதியில் வீட்டுக்குப் போகவில்லை. கத்திக் கத்தி உலகநாதனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பரிசு வாங்கியவர் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. அது யாருக்கும் குறையாகப் படவில்லை. மாலையில் குதிரைகள் ஊர் எல்லையைத் தாண்டியபோது மூன்றின் கழுத்திலும் சிவப்புத் துண்டு அப்படியே இருந்தது.