விரிசலின் சத்தம்

“போல்ட்டு கழல மாட்டேங்குதுங்க, அம்மிணி. மூணு நாளாச்சு.”

நாமக்கல் புறவழிச்சாலையில், லாரிகளுக்குச் சைலன்சர் பற்றவைக்கும் கடை அது. சொன்னவர் நாச்சிமுத்து. ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வுபெற்ற அரசாங்க சர்வேயர். வயது அறுபத்து மூன்று.

கேட்டுக்கொண்டிருந்தவர் கடையின் உரிமையாளர் வசந்தமணி. வயது நாற்பது.

சாலையில் லாரி வரும்போதே, தலை நிமிராமல், அது யாருடைய லாரி என்று சொல்லிவிடுவார் வசந்தமணி. அந்தக் காதை நம்பித்தான் நாச்சிமுத்து மொபெட்டில் வந்திருந்தார்.

“என்ன வண்டிங்க? எந்த போல்ட்டு?”

“என்ர பழைய காரு, இருபத்தாறு வருசமாச்சு. இன்ஜின்ல இருந்து புகையை வெளிய கொண்டார்ற இரும்புக் குழாய் விரிஞ்சு போச்சு. பத்து வருசமா டிக்கு டிக்குன்னு ஒரே சத்தம். இழுவையும் இல்ல. அதைக் கழட்டிட்டு ஹெட்டர் மாட்டறேன். நாலும் தனித்தனிக் குழாய். பார்சல்ல வரவழைச்சேன்.”

“இங்க கொண்டாந்திருந்தா ஒரே நாள்ல மாட்டியிருப்பனே, சார்.”

“ஒரு நாளெல்லாம் வீட்டை விட்டு இருக்க முடியாதுங்க. சம்சாரத்துக்கு ஞாபகம் போயிட்டிருக்குது. இப்பக்கூடப் பக்கத்து வீட்டுப் புள்ளையை உக்கார வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

நாச்சிமுத்துவே சொன்னார்.

“கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போகோணும். கல்யாணமான வருசம் போனோம். கோயில் ஆத்துல மீனுக்குப் பொரி போட்டா. அதைப் பாத்தா ஏதாச்சும் ஒண்ணு திரும்பி வரும்னு தோணுது. எழுபது வளைவு. இப்ப இருக்கற இழுவைக்கு ஏழு வளைவுகூடத் தாண்டாது.”

“உங்களைத் தெரியுதுங்களா?”

“சாயங்காலம் காய் வாங்கிட்டு கார்ல வருவேன். தெருமுனையில திரும்பறப்பவே கேட்டைத் திறந்துட்டு நிப்பா. ‘வந்துட்டீங்களா’ம்பா. அப்பத் தெரியும். மத்த நேரம் சொல்ல முடியாது.”

வசந்தமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணைக் கழட்டறதுக்கு முன்னாடி, அது என்ன வேலை செய்யுதுன்னு கேக்கோணும்.”

“விரிஞ்சு கெடக்குதுங்க. அது ஒரு வேலையும் செய்யறதில்ல.”

வசந்தமணி துரு இளக்கும் எண்ணெய்க் குப்பியொன்றை எடுத்து நீட்டினார்.

“ஊத்தி ஊற வைங்க. ரெண்டு நாள் கையை வெக்காதீங்க.”

“ரெண்டு நாளா?”

“இருபத்தாறு வருசமாப் புடிச்சுட்டிருக்கறதை, இருபது நிமிசத்துல விடுன்னா விடுமா?”

நாச்சிமுத்து மொபெட்டைக் கிளப்பும்போது, பின்னாலிருந்து வசந்தமணியின் குரல் வந்தது.

“பழைய குழாயைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சார்.”

அதைக் கிழவிகளின் சிக்கனம் என்று எண்ணிக்கொண்டார் அவர். சொன்னவர் கிழவி அல்லர் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

&nbsp;

இரண்டு நாள் அவர் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே, ஸ்பேனரின் பிடியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். படீரென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தார். கழலவில்லை, போல்ட்டின் தண்டு பாதியில் முறிந்திருந்தது. மூன்று விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

“சர்வேயர் சார், நெலத்துக்காரங்க சண்டையை எல்லாம் தீத்து வெச்சுட்டு, இப்ப நீங்களே சண்டைக்கு எறங்கிட்டீங்களா?” என்றார் வசந்தமணி, கடைக்கு வந்தவரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து.

“ஒடைஞ்சு போச்சுங்க.”

“வெளிய எவ்வளவு நீட்டிட்டு நிக்குது?”

“அரை விரல்.”

“அப்பத் தப்பிச்சீங்க. ரெண்டு நட்டை ஒண்ணு மேல ஒண்ணா அதுல இறுக்குங்க. கீழ் நட்டைத் திருப்புனா தண்டும் கூடவே வரும். ஆனா ஊற வெச்ச பொறகு.”

“எத்தனை நாள்?”

“இப்ப நாலு.”

இம்முறை காத்திருந்தார். ஐந்தாம் நாள் தண்டு முனகிக்கொண்டே வெளியே வந்தது. விரிந்த குழாயும் கையோடு வந்தது. காய்ந்த ஆற்றுத் தடம்போல அதன் வயிற்றில் ஒரு கோடு ஓடியது. அன்று பழைய இரும்பு வாங்கும் வண்டி தெருவில் போயிற்று. குழாயைக் கொடுத்து இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டார்.

ஒழுங்கான மனிதர், உடைந்ததை வீட்டில் வைத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

&nbsp;

“மூணு குழாய் சேருதுங்க. நாலாவது மட்டும் சேர மாட்டேங்குது. ஸ்டீயரிங் ராடு வேற இடிக்குது. சுத்தியல்ல ஒரு தட்டுத் தட்டட்டுங்களா?”

“மொத மூணையும் முழுசா முறுக்கிட்டீங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப நாலாவது எங்க போகும், பாவம்? எல்லாத்தையும் தளத்துங்க. வெரல்லயே போடுங்க. ஒவ்வொண்ணும் அதனதன் எடத்துக்கு வந்த பொறகு முறுக்குங்க.”

நாச்சிமுத்து தலையசைத்தார். போகத் திரும்பியவர் நின்றார். சிரித்தார்.

“ஒரு கூத்து கேளுங்க, அம்மிணி. நான் காருக்கு அடியில படுத்துக் கெடக்கறேன். மேலெல்லாம் கரி. சம்சாரம் நாகரத்தினம் டீ கொண்டாந்து வெச்சுட்டு, ‘மெக்கானிக்கு, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, அவரு வந்தா வண்டியைக் கேப்பாரு’ங்கறா. தினமும் இதே கதைதான்.”

வசந்தமணி சிரிக்கவில்லை.

“டீ எப்படி இருந்துச்சு?”

“சக்கரையை ரெண்டு தரம் போட்டிருந்தா.”

“குடிச்சீங்களா?”

“ரெண்டு வாய். வேலை கெடக்குதுங்களே.”

வசந்தமணி குனிந்து தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

&nbsp;

நான்கு குழாய்களும் சேர்ந்தன. காரைக் கிளப்பினால் எங்கோ புஸ்ஸென்று காற்று கசிந்தது. வசந்தமணி சொல்லியனுப்பியபடி ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காட்டினார். மூன்றாவது இணைப்பில் புகை நடுங்கியது. இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார். மறுபடி கொளுத்தினார். புகை நேராக மேலே போயிற்று.

சாமிக்குக் காட்டுகிறார் என்று எண்ணி நாகரத்தினம் தூரத்திலிருந்தே கும்பிட்டாள்.

வேலை தொடங்கிய நாற்பத்து மூன்றாம் நாள் மாலை, நாச்சிமுத்து குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். கரி போகும்வரை நகங்களைத் தேய்த்தார். காரை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனார்.

கார் மிதந்தது. மெல்லிய, ஆழ்ந்த உறுமல். டிக் என்ற ஓசை ஒன்றுகூட இல்லை. எழுபது வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிடும் என்று தோன்றியது.

தெருமுனையில் திரும்பினார்.

கேட் மூடியிருந்தது.

பின்னோக்கிப் போய், தெருமுனையிலிருந்து மறுபடியும் வந்தார். கேட் மூடியிருந்தது. மூன்றாம் முறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இறங்கிக் கேட்டைத் தாமே திறந்தார்.

வராந்தாவில் நாற்காலி போட்டு நாகரத்தினம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள்.

“அவரு வீட்டுல இல்லீங்க,” என்றாள்.

&nbsp;

மறுநாள் காலை அந்தக் கார் புறவழிச்சாலைக் கடையின் முன் நின்றது. வசந்தமணி தலை நிமிராமலே கேட்டார்.

“நல்ல சத்தம். யாரு வண்டி?”

நாச்சிமுத்து இறங்கி வந்து முன்னால் நின்றார்.

அவர் நின்ற நிலையைப் பார்த்துத்தான் வசந்தமணி எழுந்தார்.

“பழைய குழாய் எங்கீங்க?”

“வெங்காயத்துக்குப் போட்டுட்டேன்.”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“மலைக்குப் போலாம் வான்னேன், அம்மிணி. ‘முன்னப்பின்ன தெரியாதவங்க வண்டியில எப்படிங்க ஏர்றது? அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரா?’ங்கறா. எனக்கு இந்த இழுவை வேண்டாம். அந்தச் சத்தம் வேணும். டிக்கு டிக்குன்னு மறுபடி வர வெச்சுக் குடுங்க. உங்களால முடியும்.”

வசந்தமணி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒரு ஸ்பேனரை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

நாச்சிமுத்துவின் வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். முன்மூடியைத் திறந்து, மூன்றாம் இணைப்பில் ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார்.

டிக்... டிக்... டிக்...

நாச்சிமுத்துவின் முகத்தில் உயிர் வந்தது. “இதேதான். இதேதானுங்க!”

வண்டி மெதுவாக வீட்டை நெருங்கியது. கேட்டின் கம்பிகளுக்கு ஊடே வராந்தா தெரிந்தது. நாகரத்தினம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு அவள் விரல்கள் நின்றன. தலை நிமிர்ந்தது. கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள்.

நாச்சிமுத்து இன்ஜினை அணைக்காமல் கேட்டின் முன் வண்டியை நிறுத்தினார்.

அவள் மறுபடியும் குனிந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.

“இன்னும் கொஞ்சம் தளத்துங்க.”

வசந்தமணி இறங்கி, முன்மூடியைத் தூக்கித் தளர்த்தினார். சத்தம் கூடியது. நாகரத்தினம் நிமிரவே இல்லை.

“அந்தப் பக்கத்து நட்டு. அதைத் தளத்துங்க. இல்ல, குடுங்க, நானே பாக்கறேன்.” இறங்கிவந்து, சூடான இன்ஜினுக்குள் கையை விட்டார். புறங்கை சுட்டது. எடுக்கவில்லை.

வசந்தமணி கை நீட்டி இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி, அவருடைய சுட்ட கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

தெரு அமைதியாயிற்று.

“கூப்பிடுங்க,” என்றார்.

“யாரை?”

“அவங்களைத்தான். என்னன்னு கூப்பிடுவீங்க?”

நாச்சிமுத்து யோசித்தார்.

“கூப்பிட்டதில்லீங்க. வண்டி வந்தா அவளே வந்துருவா.”

“இத்தனை வருசமும் வண்டியே கூப்பிட்டுட்டு இருந்துச்சா?”

அவர் கேட்டின் கம்பியைப் பற்றிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று நிலத்தின் எல்லைகளை உரக்க வாசித்த குரல் அது. இப்போது எழும்ப மறுத்தது.

“நாகரத்தினம்.”

அவள் நிமிர்ந்தாள்.

“நாகரத்தினம்.”

கீரையை முறத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கேட்டின் அந்தப் பக்கம் நின்று, அவருடைய முகத்தையும் கரி படிந்த கையையும் பார்த்தாள்.

“மெக்கானிக்குங்களா? பேரைச் சொல்லிக் கூப்பிடறீங்க?”

“தப்புங்களா?”

“அவருகூட அப்படிக் கூப்பிட்டதில்லீங்க.” கோபம் இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். “கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது.”

கேட்டைத் திறந்தாள்.

“அவரு இன்னும் வரலீங்க. வண்டிச் சத்தமே கேக்கல. வர்ற நேரந்தான். உக்காந்திருங்க, டீ போடறேன்.”

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். வசந்தமணி ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

வராந்தாவில் இரண்டாவது நாற்காலி சுவரோரமாக மடக்கிச் சாத்தியிருந்தது. அதை எடுத்துவந்து அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்தார். உட்கார்ந்தார்.

டீ வந்தது. சர்க்கரை இரண்டு தரம் போட்டிருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“அவரு வர நேரமானாலும் ஆகுமுங்க,” என்றாள் அவள், தெருவைப் பார்த்தபடி. “உங்களுக்கு வேலை இருக்குமே?”

“ஒரு வேலையும் இல்ல, நாகரத்தினம்.”