தார்ப்பாய் போட்ட வண்டி

கரூரில் ஒரு நூலகத்தின் மாடி. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வரலாற்றுப் பிரியர்கள் அங்கே கூடுவார்கள். பழைய போர் ஓவியம் ஒன்று திரையில் விழும். எந்தப் போர் என்று தெரிந்தவர் மணியைத் தட்ட வேண்டும். இருவர் ஓர் அணி, அணிக்கு ஒரே விடை. விடை தப்பானால் வெளியே.

அங்கமுத்து மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாக வருகிறார். அவர் கை ஒருமுறைகூட மணியைத் தொட்டதில்லை.

"என்ன கரண்ட் ஐயா, இன்னும் சப்ளை வரலையா?" என்பார் வக்கீல் தியோடர். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கமுத்துவும் சிரித்துவைப்பார்.

அவருடைய அணியில் இன்னொருவர் பெனசீர். கல்லூரியில் வரலாறு நடத்துபவர். அங்கமுத்துவைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அங்கமுத்துவுக்கு அவர்தான் குரு.

"இந்த மாசத்தோட நான் நின்னுக்கறனுங்க டீச்சர். கொடியும் முகமும் எனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது."

பெனசீர் ஒரு படத்தை எடுத்தார். அரசன், யானை, கொடி மூன்றின் மேலும் காகிதத் துண்டு ஒட்டி நீட்டினார்.

"ராஜாவையே மறைச்சுட்டா எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?"

"அன்னிக்கு அங்க வேற யாருமே வரலையா ஐயா?"

அங்கமுத்து அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு இன்னொன்று. நான்கு வாரம் அப்படியே போயிற்று.

ஞாயிறு வந்தது. திரையில் பெரிய யானை, அதன்மேல் பொற்குடை. படம் விழுந்ததுமே தியோடர் மணியைத் தட்டிவிட்டார்.

"பேரரசரோட குடை. பக்சார்!"

"தவறு," என்றார் நூலகர்.

யானையின் காலடிக்கும் கீழே அங்கமுத்துவின் கண் போயிற்று. சேறு. குனிந்து ஓடும் ஆட்கள். ஒரு பக்கத்து வெடிமருந்து வண்டிகளின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து வண்டிகள் வெறுமனே நின்றன. மழையில் எதை முதலில் மூடுவது என்பது அவருக்குத் தெரியும். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தார்.

மணி கணீரென்றது.

"பிளாசிங்க."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் நூலகர்.

"மழை பேயுது. வெள்ளைக்காரங்க மூடிட்டாங்க, நவாப் ஆளுங்க மூடல. நனைஞ்ச மருந்து வெடிக்குமாங்க?"

"சரி! பிளாசிக்குப் பேரரசர் வரவே இல்லை, குடை ஓவியரோட கற்பனை."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. தியோடர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "ஐயா, ஊருக்கே சப்ளை குடுத்துட்டீங்க!"

எல்லோரும் இறங்கிப் போனபின் அங்கமுத்து தயங்கி நின்றார். முகத்தில் வெளிச்சம் சற்றுக் குறைந்திருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். கெழவன் ஜெயிக்கட்டும்னு விட்டுக்குடுத்தீங்க."

பெனசீர் அவரை நேராகப் பார்த்தார்.

"வக்கீல் ஒரு நொடி முந்திட்டார் ஐயா. இல்லேன்னா பக்சார்னு நானே சொல்லியிருப்பேன்."