யார் காட்டிய வீடு

அந்த ஊரில் வீட்டுத் தரகர்களுக்குள் தகராறு என்றால் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். மரகதவல்லியின் சின்ன ஆபீசுக்குத்தான் வருவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சடகோபன் அவரைவிட வயதில் மூத்தவர். மில்லை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். வயது என்ன பெரிய வயது, குரு குருதான் என்று அவர் முன்னால் உட்காரவும் மாட்டார்.

ஒருநாள் சடகோபனே ஒரு தகராறோடு வந்து நின்றார். எதிராளி அருள்தாஸ், தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். கூடவே செல்வநாயகி என்ற பெண்மணி. வீடு வாங்கப்போகிறவர் அவர்தான். சாட்சிக்கென்று இருவரும் சேர்ந்தே அவரை அழைத்து வந்திருந்தார்கள்.

"எந்த வீடும்மா?" என்று மரகதவல்லி அவரிடம் கேட்டார்.

"பூந்தோட்ட நகர்ல, கடைசி வீடுங்க. எங்கம்மா படுத்த படுக்கை. படியேற வேண்டாத வீடா வேணும்னு தேடிட்டிருந்தேன். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கறதா இருக்கேன்."

அதற்குமேல் யாரும் அவரைப் பேசவிடவில்லை.

தரகர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை முதலில் காட்டியவருக்குத்தான், வாங்க வருகிற பார்ட்டி சொந்தம். மற்றவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

"நான்தான் முதல்ல கூட்டிட்டுப் போனேன்," என்றார் அருள்தாஸ்.

"பூட்டின கேட்டைக் காட்டினீங்க. சாவி வாங்கித் திறந்து வீட்டைக் காட்டினது நான்," என்றார் சடகோபன். அவருக்கு இதுதான் முதல் வியாபாரம். இதை விட்டால் ஊரில் ஒருத்தரும் தன்னை நம்பிச் சாவி தர மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு.

மரகதவல்லி கொஞ்சம் யோசித்தார்.

"சரி. அந்த வீட்டை உங்கள்ல நல்லாத் தெரிஞ்சவர் யாரு?"

சடகோபனுக்கு உள்ளூரச் சந்தோஷம். குரு நமக்கு வழிவிடுகிறார் என்று நினைத்தார்.

அருள்தாஸ் முந்திக்கொண்டார். "என்னைக் கேளுங்க. கடைக்கால் போட்டதுலேருந்து தெரியும். போன மழைக்கு ஹால்ல இடுப்பளவு தண்ணி. ஓனரைத் தோள்ல தூக்கி வெளிய கொண்டாந்ததே நான்!"

சடகோபன் விடுவாரா?

"அது என்ன பிரமாதம்! தண்ணி நின்ன கறை சுவர் முழுக்க இருந்துது. ஓனர்கிட்ட சொல்லி, ஆள் விட்டு, கறை தெரியாம பெயிண்ட் அடிக்க வச்சதே நான்தான்மா. அந்த வீட்டை என்னைவிட யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக் குருவைப் பார்த்தார். குரு அவரைப் பார்க்கவில்லை. செல்வநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சடகோபனுக்கு உறைத்தது. அந்தப் பெண்மணி இவ்வளவு நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். கூட்டி வந்தவர்கள் இருவருமே அதை மறந்துபோயிருந்தார்கள்.

செல்வநாயகி எழுந்தார். அவர் கத்தவில்லை, திட்டவும் இல்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்கம்மாவால தானா எழுந்திருக்க முடியாதுன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே," என்றார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அருள்தாசும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நழுவினார்.

தண்ணீர் ஏறிய அந்த ஹாலில் ஒரு கட்டில் கிடப்பதாகச் சடகோபன் மனதில் ஒரு காட்சி வந்தது. எவ்வளவு விரட்டியும் அது போகவில்லை. தன் வாயால்தான் அத்தனையும் சொன்னோம், அதுவும் பெருமையாகச் சொன்னோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, இந்த விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எங்க வாயைக் கிளறத்தான் அப்படிக் கேட்டீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வீட்டைப் பார்த்ததுகூட இல்ல."

மரகதவல்லியின் குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி சடகோபன் கேட்டதே இல்லை.

"அப்புறம் ஏம்மா அப்படிக் கேட்டீங்க?"

"அவங்க யாரோட பார்ட்டின்னு ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. ஒருத்தராவது அவங்க பக்கம் நின்னு வீட்டோட நல்லது கெட்டதைச் சொல்வீங்கன்னு நம்பித்தான் கேட்டேன், சார்."