மேக்பை ஏன் முதுகுப் பக்கமாக வந்து கொத்துகிறது

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் ஆற்றங்கரைக் காடுகளுக்கு வேலி கிடையாது, நுழைவாயில் கிடையாது. பறவையும் விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். அப்போது மேக்பை யாரையும் கொத்தியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்குப் பூங்காவுக்கு வருகிறவர்கள் மண்டையைத் தடவிக்கொண்டு, "என்ன திமிர் பிடித்த பறவை!" என்று திட்டுகிறார்கள். திமிர் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மேக்பை காக்கை அளவுப் பறவை. உடம்பெல்லாம் கறுப்பு, பிடரியில் வெள்ளை. குரலைக் கேட்டால் குடத்தில் தண்ணீர் நிறைவது போலிருக்கும். அப்படி ஒருத்தி, வெள்ளைப்பிடரி என்று பேர், ஆறு வளைகிற மேட்டில் ஒரு பழைய தைலமரத்தில் கூடு கட்டியிருந்தாள். காட்டுக்கு வருகிறவர்களை வரவேற்பது அவள் வேலை. வருகிறவர் காட்டின் ஓரத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும். அவள் பறந்து வந்து பாடுவாள், கூடவே நடந்து தண்ணீர்த் துறையைக் காட்டுவாள், எந்தக் கரை இடிந்து விழும் என்று சொல்வாள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு இந்த மரியாதையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று செய்வாள். விருந்தாளியைக் கூட்டுக்கே அழைத்துப்போய்க் குஞ்சுகளுக்கு அவர் முகத்தைக் காட்டுவாள். மேக்பைகள் ஒருமுறை பார்த்த முகத்தை மறப்பதில்லை. குஞ்சு பார்த்த முகம் அந்தக் காட்டுக்கு உறவு. உறவின் மேல் அலகு படக்கூடாது, அதுதான் மேக்பைகளின் சட்டம்.

மரத்தடியில் வளை தோண்டி வாழ்ந்த வாம்பட்டுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. கரடிக்குட்டி மாதிரி உடம்பும் சிடுசிடுத்த முகமுமாக வெளியே வந்து கத்தும்.

"உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? வந்தவன் போனவனுக்கெல்லாம் கூட்டைக் காட்டிக்கிட்டு! என்னைப் பாரு, எவன் வந்தாலும் வளை வாசல்ல என் பின்பக்கத்தைத்தான் காட்டுவேன்."

"விருந்தாளிக்கு முகத்தைக் காட்டாம எப்படிண்ணே அனுப்புறது?" என்று சிரிப்பாள் வெள்ளைப்பிடரி.

ஒரு வசந்த காலத்தில், கடற்கரை ஊரிலிருந்து ஹார்வி என்பவன் வந்தான். கூடவே அவன் மனைவி மேபல். அவன் தோளில் கோடாரி. காட்டோரத்தில் நின்று குரல் கொடுக்கவில்லை, தன் வீட்டுக்குள் நுழைவது போல நேராக நடந்து வந்தான். 'பாவம், முறை தெரியாதவர்' என்று நினைத்து அவளே பறந்துபோய் வரவேற்றாள். பாடினாள். தண்ணீர் காட்டினாள். கூட்டுக்கும் அழைத்துப் போனாள்.

ஹார்வியும் மேபலும் கிளையேறி வந்தார்கள். குஞ்சுகள் சிவந்த வாயைப் பிளந்துகொண்டு அவர்களைப் பார்த்தன. மேபல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவனோ குஞ்சுகளைப் பார்க்கவேயில்லை. இலைகளை விலக்கி ஆற்றைப் பார்த்தான்.

"மேபல்! எவ்வளவு அழகு பாத்தியா? கீழ நின்னா இந்த மரம்தான் மறைக்குது. இதைச் சாய்ச்சுட்டு, இதே பலகையில இங்க ஒரு மேடை போட்டா, ஜனங்க வண்டி வண்டியா வந்து பாப்பாங்க!"

"குஞ்சு இருக்கேங்க" என்றாள் மேபல்.

அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் இறங்கினான். வெள்ளைப்பிடரி பதறிப்போய் அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஐயா, புள்ளைங்களுக்கு இன்னும் இறக்கை முளைக்கல. வசந்தம் முடியட்டும், அதுங்க பறந்ததும் வெட்டிக்குங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

அவன் திரும்பி முதுகைக் காட்டினான். அவள் சுற்றிப் பறந்து மறுபடி முன்னால் வந்தாள். மறுபடியும் திரும்பினான்.

"அழகான இடத்தை நாலு பேர் பாக்க வேணாமா? காட்டுல மரத்துக்கா பஞ்சம்? வேற இடம் பாத்துக்கோ" என்று முதுகைக் காட்டியபடியே சொன்னான். "பாட்டு நல்லா இருந்துச்சு. ஜனங்க வந்ததும் பாடு."

எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. காட்டைப் பிடிக்காதவன் வெட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவன் காட்டை ரசித்துக்கொண்டே வெட்டினான்! அவள் நினைத்திருந்தால் அவன் கண்ணைப் பிடுங்கியிருக்கலாம். குஞ்சு பார்த்த முகமாயிற்றே என்று, வெட்ட வெட்டச் சுற்றிச் சுற்றிப் பறந்து கெஞ்சினாள். அடித்திருக்க வேண்டும். அன்றைக்கே அடித்திருக்க வேண்டும்.

மரம் விழுந்தது. மேபல் அழுதுகொண்டே இலைக்குவியலைக் கிளறினாள். ஒரே ஒரு குஞ்சு உயிரோடு கிடைத்தது. அதைப் பக்கத்து மரத்தின் கவட்டையில் வைத்தாள். ஹார்வி கோடாரியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அடுத்த வசந்தத்தில் மேடை தயாராக இருந்தது. கூடை கூடையாகத் தின்பண்டத்தோடு ஜனங்கள் வந்தார்கள். பின்னால் இருந்த மரத்தில் வெள்ளைப்பிடரி புதுக் கூட்டில் புதுக் குஞ்சுகளோடு இருந்தாள். மேடைக்கு எதிரே இன்னொரு தைலமரம் நின்றது. ஹார்வி அதைக் கைகாட்டினான்.

"அடுத்த வருஷம் இதையும் எடுத்துட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

வாம்பட் தலையை நீட்டியது. "மறுபடியும் போய்க் கெஞ்சப் போறியா?"

"முகத்துக்கு முன்னால நின்னு கேட்டுப் பாத்தேன்ணே. அவன் முதுகைத்தான் காட்டினான். குஞ்சுங்க பாத்த முகம்தான் உறவு, முதுகு இல்ல. இனிமே அந்த முதுகுகிட்டயே பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பாய்ந்தாள். பின்மண்டையில் ஒரே கொத்து. ஹார்வி அலறினான். பிழைத்த மகனும் வளர்ந்து நின்றானே, அவனும் பாய்ந்தான். ஜனங்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள், ஓடிய முதுகிலெல்லாம் கொத்து விழுந்தது. மேபல் மட்டும் ஓடவில்லை. நின்று நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தாள். இளம்பறவை அவள் முன்னால் இறங்கி, ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனது.

எதிரே நின்ற தைலமரத்தின் பக்கம் அதற்குப் பிறகு கோடாரி வரவில்லை. ஆனால் ஹார்வி தலையில் கட்டோடு திரும்பி வந்து, 'எச்சரிக்கை! பொல்லாத பறவை' என்று ஒரு பலகை நட்டான். அதுவும் அவள் மரத்துப் பலகைதான். அதன்மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தவள், அதோடு மனிதரிடம் வாய்விட்டுப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கொத்துக்குப் பயந்து, பின்னாலும் பார்ப்பது போலத் தொப்பியின் பின்பக்கம் பொய்க்கண் வரைந்து மாட்டிக்கொண்டு வருகிறீர்களே, இருக்கிற கண்ணால் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் என்ன? அன்று முதல்தான், வருடமெல்லாம் பாடித் திரிகிற மேக்பை, கூட்டில் குஞ்சு இருக்கும் வசந்தத்தில் மட்டும், முதுகைக் காட்டுகிறவர்களைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்துகிறது.