பாலத்தில் ஒரு கறை

தாமிரபரணிப் பாலத்தை ராத்திரியில் படம் எடுப்பதுதான் பிரம்மநாயகத்துக்கு இப்போது மூச்சு. கற்றுக்கொடுப்பவள் ரெஜினா. அவர் வயதில் பாதிதான். அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

முதல் நாளே அவர் கேட்டார்.

"பாலத்துல ஆள் நடமாட்டம் ஓயவே மாட்டேங்கு டீச்சர். வெறும் பாலத்தை எப்படி எடுக்க?"

"ஷட்டரை ரொம்ப நேரம் திறந்தே வையிங்க அண்ணாச்சி. நடந்து போறவங்க படத்துல விழ மாட்டாங்க. அசையாம இருக்கிறதுதான் விழும்."

அப்படியே ஆயிற்று. ஊரே நடந்துபோன பாலம், படத்தில் ஆளில்லாமல் கிடந்தது. விளக்கு வெளிச்சம் உருகின நெய்யாக ஆற்றில் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சொக்கியது.

ஒரே ஒரு குறை. எல்லாப் படத்திலும் மூன்றாவது விளக்குக்குக் கீழே மங்கலாக ஒரு கறை. லென்ஸைத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அந்தக் கறையை அழித்தார். வீட்டில் காட்டாத பொறுமையெல்லாம் அங்கே காட்டினார்.

எரிச்சல் மட்டும் உலகம்மாள்மேல் இறங்கியது. நெஞ்சுவலி வந்து பிழைத்த புருஷனைத் தனியே விட மனமில்லாமல் தினமும் கூட வருகிறவள் அவள். அவளை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு இவர் ஆற்றங்கரைக்கு இறங்குவார்.

"எதுக்கு என் பின்னாலயே வாரே? உனக்கு இங்க என்ன சோலி?" என்று கத்திவிட்டார்.

மறுநாள் அவள் அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மொட்டைமாடியில் நின்றால் பாலம் தெரிகிற வீடு. போன் செய்தால் எடுப்பதில்லை. இவர் வீடு வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த வாரம் எடுத்த படத்தோடு ரெஜினாவிடம் வந்தார்.

"கறை போயிட்டு டீச்சர்! நான் ஒண்ணும் அழிக்கலை. தானாப் போயிட்டு."

ரெஜினா புதுப் படத்தைப் பார்த்தாள். பிறகு, அழிக்காத பழைய படம் ஒன்றைத் திரையில் போட்டுக் கறையைப் பெரிதாக்கினாள். பெரிதாகப் பெரிதாக அதற்கு உருவம் வந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பெண். தலையைச் சுற்றி மஃப்ளர், கையில் பிளாஸ்க். முகம் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியிருந்தது.

பிரம்மநாயகம் திரையை ஒட்டிக் குனிந்தார்.

"நான் டீக்கடையிலதான இருக்கச் சொன்னேன்..."

"டீக்கடையில இருந்தா, கரையில நீங்க நிக்கிறது தெரியுமா?"

"தெரியாது."

கண் நிறைந்து திரை கலங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ அக்கரையில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, போனையும் எடுக்க மாட்டேங்கா. இனி நான் என்ன செய்ய டீச்சர்?"

ரெஜினா அவருடைய கேமராவை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் எடுக்கேன். நீங்க போய் மூணாவது விளக்குக்குக் கீழ நில்லுங்க."

"அவ மாடியில நின்னு பாப்பாளா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்க அசையாம நில்லுங்க."