முடிச்சுமாயனும் மரச்சீப்புக்காரியும்

ரொம்ப நாளைக்கு முன்னால், கரடி பேசினால்கூட யாரும் ஆச்சரியப்படாத காலத்தில், மருதபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் வடக்கு எல்லையில் ஒரு காடு. காட்டோரத்தில் ஒரு குடிசை. அந்தக் குடிசையில் விறகுவெட்டி மாடக்கண்ணும் அவர் மகள் அரியநாச்சியும் வாழ்ந்தார்கள்.

அப்பா விறகு வெட்டுவார். மகள் சீப்பு செய்வாள். வேம்போ பூவரசோ கருங்காலியோ, மிஞ்சின மரத்துண்டு எது கிடைத்தாலும் போதும், கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் மனம்போன போக்கில் செதுக்கமாட்டாள். யாருக்குச் சீப்போ அவர்கள் தலையை முதலில் தொட்டுப் பார்ப்பாள். பட்டு நூல் மாதிரி முடியா, தேங்காய் நார் மாதிரி முடியா, சுருட்டையா, அடர்த்தியா என்று விரலாலேயே தெரிந்துகொள்வாள். பிறகுதான் சீப்பின் பல் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வாள். தொட்டுப் பார்ப்பாள், அளந்து பார்ப்பாள், செதுக்க உட்காருவாள். அப்படிச் செய்த சீப்பு தலையில் போனால், வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி தடங்கலில்லாமல் போகும்.

அக்கம்பக்கத்தார் வாங்கிக்கொண்டு, "என்ன தரணும் நாச்சி?" என்பார்கள்.

"அட, ஒண்ணும் வேண்டாம்க்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். சீப்பு செய்ய வருமே தவிர, விலை சொல்ல அவளுக்கு நாக்கு எழாது.

ஒரு மழைக்காலத்தில் மாடக்கண்ணு மரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். கால் முறிந்துபோயிற்று. விறகு போயிற்று, வரும்படி போயிற்று, பானையில் அரிசியும் போய்க்கொண்டே இருந்தது.

"பட்டணத்துச் சந்தைக்குப் போய்ச் சீப்பு விற்றுப் பாரேன் தாயி," என்றார் அப்பா.

"விலை சொல்ல வாய் வராதுப்பா."

"எனக்கும்தான் மரத்திலிருந்து விழ வராமல் இருந்தது. ஒரு நாள் வந்துவிட்டதே."

அரியநாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உளியையும் சின்ன ரம்பத்தையும் மரத்துண்டுகளையும் மூட்டை கட்டினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காட்டு வழியில் ஒரு பெரிய கரடி குறுக்கே வந்து நின்றது. உடம்பெல்லாம் முடி, முடியெல்லாம் சிக்கு, சிக்கெல்லாம் முள்ளும் சருகும்.

"சீப்புக்காரிதானே நீ? எனக்கு ஒன்று செய்து கொடு," என்றது கரடி.

அரியநாச்சி பயந்துபோனாள். ஆனால் கரடியின் முடியில் கை வைத்ததும் பயம் போய்விட்டது. கை வேலையில் இறங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தாள், அளந்து பார்த்தாள், செதுக்க உட்கார்ந்தாள். கலப்பைக் கொழு மாதிரி தடித்த பல் வைத்து, பூவரசில் ஒரு சீப்பு செய்தாள். கரடி முதுகைச் சீவிக்கொண்டது. வயிற்றைச் சீவிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது.

"என்ன விலை?"

"ஒண்ணும் வேண்டாம்."

கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "அப்படியென்றால் இந்தா, திருப்பி எடுத்துக்கொள். சும்மா வாங்கினால் பல் ஒன்று உடைந்தால்கூட உன்னிடம் வந்து கேட்க முடியாது. என் பெண்டாட்டிக்கு இன்னொன்று வேண்டும் என்று சொல்ல முடியாது. விலை சொன்னால்தான் என்னால் தைரியமாகத் திரும்பி வர முடியும்."

இப்படி ஒரு கணக்கு இருப்பது அரியநாச்சிக்கு அதுவரை தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு... ஒரு தேனடை," என்றாள்.

"அது விலை," என்றது கரடி. மரத்தில் ஏறித் தேனடையை எடுத்து வந்து அவள் கையில் வைத்தது.

தேனடையோடு பட்டணம் போய்ச் சேர்ந்தாள். சந்தையைப் பார்த்ததும் மலைத்துப்போனாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்க முலாம் பூசின சீப்பு. குவியல் குவியலாகச் சீப்பு. விலையோ அடிமாட்டு விலை. ஆனால் வாங்குகிற பெண்கள் எல்லார் தலையிலும் சிக்கு.

கீரை விற்கும் காத்தாயியின் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, "இது என்னக்கா கூத்து?" என்று கேட்டாள்.

காத்தாயி குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் முடிச்சுமாயன் வேலை தங்கச்சி. மந்திரவாதி. அவன் சடையைப் பார்த்தால் தெரியும், முழுக்க முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மந்திரம். அவன் சீப்பால் சீவினால் காலையில் தலை மினுமினுக்கும். சாயங்காலம் சிக்கு விழும். மறுநாள் இன்னொரு சீப்பு வாங்கியே ஆகணும்."

"ராஜா கேட்கமாட்டாரா?"

"இளவரசி கனகமாலை கேட்டாள். 'இந்தச் சீப்பை எங்கள் ஊரில் விற்காதே' என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவன் தன் தலைமுடியில் ஒன்றைப் பிடுங்கி அவள் தலையில் எறிந்தான். அன்றைக்கு விழுந்த முடிச்சு வளர்ந்துகொண்டே இருக்கிறது. பாரம் தாங்காமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அவிழ்க்கப் போனவர்களுக்கெல்லாம் தொட்ட விரல் மரமாகிவிட்டது. மகள் உயிர் அவன் கையில். ராஜா என்ன செய்வார்?"

அரியநாச்சி மூட்டையை அவிழ்த்தாள். பிறகு, "உங்கள் தலையைக் கொடுங்கள் அக்கா," என்றாள்.

தொட்டுப் பார்த்தாள், அளந்து பார்த்தாள், செதுக்க உட்கார்ந்தாள். உச்சி வெயில் ஏறும்போது சீப்பு தயார். காத்தாயி ஒரு இழுப்பு இழுத்தாள். சிக்கு சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி விலகிக் கொடுத்தது.

"என்ன விலை தங்கச்சி?"

கரடியின் முகம் ஞாபகம் வந்தது. "ஒரு படி அரிசி," என்றாள்.

"அரைப்படி வைத்துக்கொள்ளேன்."

"முழுப் படிதான் அக்கா. நாளைக்குச் சிக்கு விழுந்தால் சீப்பைக் கொடுத்துவிட்டு அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள்."

மறுநாள் காத்தாயி சீப்பைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை. தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாத்தனார் பின்னால் பூக்காரி, பூக்காரி பின்னால் தயிர்க்காரி. ஒரே வாரத்தில் அரியநாச்சி முன்னால் வரிசை நீண்டது. ஊருக்குப் போகிற வண்டியில் அப்பாவுக்கு அரிசி போயிற்று, எலும்பு கட்டுகிற வைத்தியரும் போனார்.

முடிச்சுமாயனுக்குச் சேதி எட்டியது. தரையில் புரளும் சடையை இரண்டு ஆட்கள் தூக்கிவர, சந்தைக்கு வந்தான்.

"பெண்ணே, ஒரு சீப்பு கொடு."

"சீப்பு விற்பனைக்குத்தான் ஐயா. உங்கள் தலையைத் தொட்டுப் பார்க்கணும்."

"என் தலையில் யாரும் கை வைக்கக் கூடாது. இதோ, இவள் சீப்பு மாதிரி ஒன்று கொடு," என்று காத்தாயியைக் காட்டினான். அப்படியே செய்து கொடுத்தாள். அவன் அதைத் தன் மாயப்பெட்டியில் போட்டுத் தட்டினான். ஒன்று ஆயிரமாகக் கொட்டியது. ஆயிரமும் விற்றுப்போயிற்று. ஆனால் ஆயிரமும் காத்தாயி தலைக்கு அளவெடுத்த சீப்பு. சுருட்டை முடிக்கு இழுத்தது, மெல்லிய முடிக்கு வழுக்கியது. வாங்கினவர்கள் அவன் வாசலிலேயே வீசிவிட்டு அரியநாச்சியிடம் வந்தார்கள்.

இரண்டாம் முறை வந்தான். "உன் உளியைக் கொடு."

"எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லரிடம் வேறு வாங்கிக்கொள்கிறேன்," என்று அதற்கும் விலை சொல்லி விற்றாள். அவன் கையில் உளி மரத்தையும் கீறியது, கட்டைவிரலையும் கீறியது. சீப்பு மட்டும் வரவில்லை.

மூன்றாம் முறை வந்தான். இப்போது குரலில் தேன் ஒழுகியது. "உன் விரலில் இருக்கிற அந்தத் தொடு உணர்வைக் கொடுத்துவிடு. விரல் உன்னிடமே இருக்கட்டும், உணர்வு மட்டும் எனக்கு. ஏழு நிலை மாளிகை தருகிறேன். நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். இந்த நிமிஷமே உன் அப்பா எழுந்து நடப்பார்."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டு படுப்பது கண்முன் வந்தது. அரியநாச்சி ஒரு கணம் கையைப் பார்த்தாள். மரத்தூள் ஒட்டின கை. இந்தக் கை தொட்டுத் தெரிந்துகொண்ட தலைகள் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன. இந்த உணர்வு போனால், அப்பா நடந்து வந்து அவள் விரலைப் பிடித்தால்கூடத் தெரியாது.

"அப்பா கால் வைத்தியரால் கூடும். நாளாகும், ஆனால் கூடும்," என்றாள். "சீப்பு விற்பனைக்கு. உளியும் விற்றேன். இது விற்பனைக்கு இல்லை."

மாயன் முகம் கறுத்தது. "அப்படியானால் இளவரசி தலைப்பக்கம் மட்டும் போய்விடாதே. பத்து விரலும் மரமாகிவிடும்," என்று சொல்லிப் போனான்.

அரியநாச்சி யோசித்தாள். ஊரில் எல்லாத் தலையும் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வந்தது. சரியாக வழியில்லாத தலை ஒன்றே ஒன்று. சந்தையில் வரிசையில் நின்றவர்களிடம், "நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

ராஜா அதிசூரர் அவளைத் தடுத்தார். "வேண்டாம் அம்மா. நீ கையால் பிழைப்பவள்."

"அதனால்தான் வந்திருக்கிறேன் மகாராஜா," என்றாள் அரியநாச்சி.

கனகமாலையின் கட்டிலைச் சுற்றிலும் முடி, கரும்பாறை மாதிரி குவிந்து கிடந்தது. நடுவில் வெளிறின முகம்.

"உனக்குப் பயமாக இல்லையா?" என்று இளவரசி மெல்லக் கேட்டாள்.

"இருக்கிறது. ஆனால் தொடாமல் எனக்குச் சீப்பு செய்யத் தெரியாதே."

இடதுகைச் சுண்டுவிரலை நீட்டினாள். தொட்டாள். சுண்டுவிரல் மரமாகிப்போனது. ஆனால் மரமாவதற்கு முன்னால் அந்த விரல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. முடிச்சில் இருப்பது ஒரே முடி இல்லை. ஆயிரம் பட்டு முடி, அதற்குள்ளே சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒற்றை முரட்டு முடி. மெல்லிசுக்குச் செய்த சீப்பு முரட்டு முடியில் மாட்டி உடையும். முரட்டு முடிக்குச் செய்தது மெல்லிசை விட்டுவிடும். அவ்வளவுதான் மாயனின் ரகசியம்.

மோதிரவிரலை நீட்டினாள். முரட்டு முடி எவ்வளவு பருமன் என்று பார்த்துக்கொண்டாள். அந்த விரலும் மரமாகிப்போனது. இனித் தொட வேண்டியதில்லை. கண்ணாலேயே அளந்து பார்த்தாள், மிச்சமிருந்த எட்டு விரலோடு செதுக்க உட்கார்ந்தாள். கருங்காலியில் ஒரு சீப்பு. ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல்.

சீப்பை முடிச்சில் வைத்ததும் மந்திரம் சீப்பின் மேல் பாய்ந்தது. ஆனால் சீப்பு ஏற்கெனவே மரம். அதை இன்னும் என்ன மரமாக்குவது?

நெருக்கப் பல் பட்டு முடியைப் பிரித்து ஒதுக்கியது. அகலப் பல் முரட்டு முடியைப் பிடித்தது. அரியநாச்சி நிதானமாக இழுத்தாள்.

அந்த முடி எங்கே கிடந்தாலும் அதன் வேர் மாயன் தலையில்தான். ஊரின் அந்தக் கோடியில் அவன் தலை வெடுக்கென்று இழுபட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடி, அரண்மனைக்குள் வந்து விழுந்தான்.

"விடு அரியநாச்சி, விட்டுவிடு."

"தலையை ஆட்டாமல் உட்காருங்கள் ஐயா. ஆட்டினால் வலிக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவள் சீவினாள்.

அவன் முடியெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தது. ஒன்றை இழுக்க இன்னொன்று அவிழ்ந்தது. ஒரு முடிச்சு அவிழ, தங்கச் சீப்புகளின் முலாம் உதிர்ந்தது. இன்னொன்று அவிழ, மாயப்பெட்டி பிளந்தது. கடைசி முடிச்சும் அவிழ்ந்தபோது கனகமாலை எழுந்து உட்கார்ந்தாள். முன்னே அவிழ்க்கப் போன அரண்மனைச் சேடிகளின் மரவிரல் எல்லாம் அசைந்தன. அரியநாச்சி தன் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள், மோதிரவிரலை மடக்கிப் பார்த்தாள். இரண்டும் மடங்கின.

மாயன் என்று சொல்ல இனி ஒன்றும் இல்லை. தோள்வரைக்கும் நேரான முடியோடு ஒரு நடுவயது ஆள் உட்கார்ந்திருந்தான். தலையைத் தடவிப் பார்த்து, "லேசாக இருக்கிறது," என்றான். அவனுக்கே நம்பமுடியவில்லை.

ராஜா வாளில் கை வைத்தார். கனகமாலைதான் தடுத்தாள். "வீடு வீடாகப் போய் அவன் விற்ற சீப்பை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, வாங்கின காசைக் கொடுத்துவிட்டு வரட்டும் அப்பா. ஆயுசு முழுக்க நடக்க அதுவே போதும்."

பிறகு ராஜா அரியநாச்சி பக்கம் திரும்பினார். "பாதி ராஜ்யம் தருகிறேன். இல்லை, அரண்மனையிலேயே தங்கிவிடு. இனி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சீப்பு செய்."

"ராஜ்யம் ஆளத் தெரியாது மகாராஜா. அரண்மனையில் நாலே தலை, எனக்குப் பொழுது போகாது," என்றாள் அரியநாச்சி. "சந்தைத் தெருவில் ஒரு கடை போட இடம் கொடுங்கள், வாடகை தருகிறேன். இந்தச் சீப்புக்கு விலை இரண்டு படி அரிசி."

மந்திரி குறுக்கிட்டார். "காத்தாயிக்கு ஒரு படிதானே?"

"அது ஒரு பக்கச் சீப்பு," என்றாள் அவள்.

தை பிறந்ததும் கடை திறந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாடக்கண்ணு கோலூன்றி நடந்து வந்து, உள்ளே உட்கார்ந்து மரம் தரம் பிரித்தார். கனகமாலை முடியைப் பின்னிப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். கரடிகூடப் பெண்டாட்டியோடு வந்து ஓரமாக நின்றது.

வரிசையில் எல்லாருக்கும் கடைசியில் ராஜா நின்றார். முறை வந்ததும் கிரீடத்தைக் கழற்றிக் குனிந்தார். அரியநாச்சி தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"உங்களுக்குச் சீப்பு வேண்டாம் மகாராஜா," என்றாள்.

சந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜா நிமிர்ந்து, தாடியை நீவிக்கொண்டே கேட்டார்:

"இதற்கு?"

அவள் தாடியைத் தொட்டுப் பார்த்தாள், அளந்து பார்த்தாள்.

"இதற்குச் செய்யலாம். ஒரு படி அரிசி. நாளைக்குக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு, செதுக்க உட்கார்ந்தாள்.