மூடித் திறந்த ஊற்று

முரல்தீவில் ஒரு காகம் இருந்தது. பெயர் கறுத்தமுத்து. தினமும் காலையில் ஒற்றைப் பனையின் உச்சியில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி சொல்லும். யாரும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் காதில் விழாமல் தப்பிக்கவும் முடியாது. அது சின்னத் தீவு. காகத்துக்குப் பெரிய தொண்டை.

"தெற்குக் கரைக்கு ஆமை அக்கா வந்து போனாங்க. எங்க முட்டை போட்டாங்கன்னு கேட்டதுக்கு என்னை முறைச்சாங்க. கீரிக்கும் அவர் மச்சானுக்கும் மறுபடி பேச்சுவார்த்தை இல்லை. உடும்பு மாமா பாழுங்கிணத்துச் சுவரை விட்டு இறங்கிட்டார், நலமா இருக்கார். வரும் நிகழ்ச்சிகள்: ஊற்றுத் திறப்பு விழா. தேதி பிறகு அறிவிக்கப்படும்."

இந்தக் கடைசி வரியைத்தான் காகம் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தீவில் நல்ல தண்ணீர் இருப்பது ஒரே ஒரு ஊற்றில். வருஷா வருஷம் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்து அதை மணலால் மூடிவிடும். காற்று நின்றதும் எல்லா மிருகமும் போய்த் தோண்டும். தண்ணீர் வரும், குடிக்கும், வீட்டுக்குப் போகும். இதில் விழாவுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த வருஷம் காகம் அக்கரைக்குப் போய்வந்தது. அங்கே பார்த்ததை வந்து அவிழ்த்துவிட்டது.

"அங்க சும்மா யாரும் எதையும் தோண்டுறதில்லை அண்ணாச்சி. மேடை போடுறாங்க. ரிப்பன் கட்டுறாங்க. சிறப்பு விருந்தினர் வந்து வெட்டுறார். எல்லாருக்கும் பொன்னாடை."

அண்ணாச்சி என்றால் கொம்பையா. ஆட்டுக்கிடா. தீவின் தலைவர். எப்படித் தலைவரானார் என்று கேட்டால், கொம்பு பெரிது என்பார்கள். அவ்வளவுதான் காரணம்.

கொம்பையாவுக்குப் பொன்னாடை என்ற சொல் பிடித்துப்போனது. உடனே கமிட்டி போட்டார். தலைவர் அவர். செயலாளர் நண்டு கடுக்கன். செய்தித் தொடர்பு காகம். கமிட்டி கூடும் இடம் மேட்டுப் பாறை. பாறையில் ஒரு குழி, குழியில் மழைத் தண்ணீர். 'கமிட்டித் தண்ணீர்' என்று பெயர் வைத்து, வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

மற்ற மிருகங்கள் குட்டையில் குடித்தன. குட்டை நாளுக்கு நாள் சேறாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் உப்பும் ஏறிவிட்டது.

சடைச்சி என்று ஒரு வெள்ளாடு. அதற்கு ஒரு குட்டி, பொடிச்சி. பிறந்து கொஞ்ச நாள்தான். சடைச்சிக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, அதனால் மடியில் பால் இல்லை. குட்டைத் தண்ணீரை நக்கினால் பொடிச்சிக்கு வயிற்றுக்கு ஆகவில்லை. பொடிச்சி நாளுக்கு நாள் இளைத்தது. முதலில் துள்ளுவதை நிறுத்தியது. அப்புறம் கத்துவதையும் நிறுத்தியது.

சடைச்சி மேட்டுப் பாறைக்குப் போனது.

"அண்ணாச்சி, விழா என்னைக்கு?"

"முடிவு பண்ணிட்டோம்மா. ஆனா அழைப்புல கொக்கு பேரு விட்டுப்போச்சு. அவர் கோவிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

"அவர் எப்பவும் ஒத்தக் கால்லதானே நிப்பார்?"

"இது கோவத்துல நிக்கிறது. பார்த்தாலே தெரியும்" என்றது கடுக்கன்.

விழா தள்ளிப்போனது. அடுத்த தடவை, சிறப்பு விருந்தினர் பூநாரைக்குப் பக்கத்துத் தீவில் வேறு விழா இருந்ததால் தள்ளிப்போனது. அதற்கடுத்த தடவை காரணமே சொல்லவில்லை. அதற்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது.

சடைச்சிக்குப் பழகவில்லை.

ஒரு மத்தியானம் கமிட்டி கூடியது. அழைப்பில் பூநாரையை 'மாண்புமிகு' என்பதா, 'மதிப்பிற்குரிய' என்பதா என்று பெரிய விவாதம். சடைச்சி அந்த நேரம் பார்த்து நேரே ஊற்றுக்குப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. முன்னங்காலால் மணலை வாரித் தள்ளியது. குளம்பு பிளந்து வலித்தது. வாரியது. மூச்சு வாங்கியது. வாரியது. ஈர மணல் வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது.

பொடிச்சியைக் கழுத்தால் தள்ளிக்கொண்டு வந்து குடிக்க வைத்தது. பொடிச்சி நாலு மடக்கு குடித்தது. தானும் குடித்தது. ஓரமாக நின்ற கழுதைகள் இரண்டும் வந்து குடித்தன. ஓசியில் கிடைத்தால் கழுதைக்குக் காது நல்லாக் கேட்கும்.

காகம் மேலே பறந்தபோது இதைப் பார்த்துவிட்டது. அதற்கு ஒரே சந்தோஷம். பொடிச்சி பிழைத்த சந்தோஷம் இல்லை. செய்தி கிடைத்த சந்தோஷம்.

"அவசரச் செய்தி! ஊற்றில் தண்ணி வந்துட்டுது!"

கமிட்டியில் ஒருத்தரும் கைதட்டவில்லை.

"வந்துட்டுதா? விழாவுக்கு முந்தி எப்படி வரும்?" என்றார் கொம்பையா.

"சடைச்சி தோண்டிட்டாங்க."

"யாரைக் கேட்டுத் தோண்டினா?"

"யாரையும் கேட்ட மாதிரித் தெரியலை அண்ணாச்சி. தண்ணி மட்டும் தெரிஞ்சுது."

கடுக்கன் இடமும் வலமுமாக ஓடியது. அதற்கு நேராக யோசிக்க வராது. "பூநாரைக்கு நாளான்னைக்கு வரச் சொல்லி வாக்குக் கொடுத்தாச்சு. திறந்து கிடக்குறதைத் திறந்து வைங்கன்னா அவர் என்ன நினைப்பார்? நம்ம தீவு மானம் கப்பலேறிப்போகும்."

"அப்ப என்ன செய்ய?"

"மூடிருவோம். மூடி இருந்தாத்தானே திறக்க முடியும்?"

கொம்பையா அசந்துபோனார். "கடுக்கா, உனக்கு மூளை எங்கப்பா வச்சிருக்கு?"

நண்டுக்குத் தலையே தனியாக இல்லை. ஆனால் கொம்பையா அதைப் பாராட்டாகத்தான் கேட்டார்.

சடைச்சி பொடிச்சியை நிழலில் படுக்கவைக்கப் போயிருந்தது. கமிட்டி வந்தது. கழுதைகளைக் கூப்பிட்டு மணலைத் தள்ளச் சொன்னது. கழுதைகளும் தள்ளின. குடித்த ஈரம் வாயில் காயவில்லை, அதற்குள் பின்னங்காலால் மண்ணை உதைத்து ஊற்றை மூடின. மேலே நின்று மிதித்தும் கொடுத்தன. குறுக்கே அடம்பன் கொடியை ரிப்பனாகக் கட்டினார்கள். கழுதைகளையே காவலுக்கும் நிறுத்தினார்கள்.

சடைச்சி வந்து பார்த்தது.

"யாரு மூடினது?"

"தற்காலிகமாத்தான்" என்றது கடுக்கன்.

"எம் மகளுக்கு நாக்கு ஒட்டிக் கிடக்கு. அதையும் தற்காலிகம்னு அவகிட்ட நீரே வந்து சொல்லும்."

"சடைச்சி, உணர்ச்சிவசப்படாதே" என்றார் கொம்பையா. "நாளான்னைக்கு விழா. உனக்கு முதல் வரிசையில இடம். உன் பேரையும் மேடையில வாசிக்கச் சொல்றேன்."

"எம் பேரை வாசிச்சா மடியில பால் சுரக்குமா அண்ணாச்சி?"

இதற்குப் பதில் கமிட்டியிடம் இல்லை. பதில் இல்லாவிட்டால் கமிட்டி கலைந்துபோகும். கலைந்துபோனார்கள்.

சடைச்சி ரிப்பனுக்குப் பக்கத்தில் போனது. கழுதைகள் பல்லைக் காட்டின. ஒன்று மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டு, "மேலிடத்து உத்தரவு தாயி" என்றது.

"மேல இருக்கிறவங்களுக்கு அங்க தண்ணி இருக்கு. உங்களுக்கு எங்க இருக்கு?" என்று கேட்டது சடைச்சி.

கழுதைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஆனால் நகரவில்லை.

விழா நாள் வரை சடைச்சி விடியும் முன் எழுந்து இலை இலையாகப் போய், பனியை நாக்கில் எடுத்துவந்து பொடிச்சியின் வாயில் விட்டது. அது எத்தனை சொட்டு இருக்கும்? பொடிச்சி கண்ணைத் திறக்கும். மூடிக்கொள்ளும்.

விழா நாள் வந்தது. கவிழ்ந்து கிடந்த உடைந்த மீன்பிடி வள்ளம்தான் மேடை. கிழிந்த வலைத் துண்டுகள் பொன்னாடை. கொம்பையா அழகாக வர வேண்டும் என்று கமிட்டித் தண்ணீரில் இறங்கிக் குளித்தார். குழியில் இருந்தது அவ்வளவுதான். கலங்கிய மிச்சத்தில் ரோமம் மிதந்தது.

பூநாரை வந்து இறங்கியது. வெகுதூரம் பறந்து வந்ததில் அலகு திறந்தே இருந்தது.

"வணக்கம். முதல்ல கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கடுக்கன் கொம்பையாவைப் பார்த்தது. கொம்பையா பாறையைப் பார்த்தார்.

"விழா முடிஞ்சதும் தாராளமா" என்றார்.

"தண்ணி எங்க இருக்கு?"

"இந்தா, ரிப்பனுக்குக் கீழ."

"மண்ணுல்ல கிடக்கு?"

"நாங்கதான் மூடி வச்சிருக்கோம். நீங்க திறக்கணுமே" என்று கடுக்கன் பெருமையாகச் சொன்னது.

பூநாரை ஒரு காலை மடக்கிக்கொண்டது. கொக்குக்கு அதைப் பார்த்து என்னவோ ஒரு திருப்தி.

கொம்பையா மேடை ஏறினார். மைக்குக்குப் பதிலாக ஒரு சங்கை வாயில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"பெருமதிப்பிற்குரிய பூநாரை அவர்களே, செயலாளர் கடுக்கன் அவர்களே, கொக்கு அவர்களே, கீரி அவர்களே, கீரியோடு பேசாத கீரியின் மச்சான் அவர்களே..."

வெயில் ஏறியது. மேடை சுட்டது. பேர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்வார்களே என்று நத்தை, நண்டுக் குஞ்சு, பனையில் கூடு கட்டிய குருவி, கூடு கட்டப்போகும் குருவி என்று எல்லாரையும் 'அவர்களே' போட்டுக்கொண்டே போனார். கூட்டத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அவரவர் பேர் வரும் வரை காத்திருந்தார்கள். பேர் வந்தவர்கள் இன்னொரு தடவை வருமா என்று காத்திருந்தார்கள்.

முதல் வரிசையில் சடைச்சி. காலடியில் பொடிச்சி. சடைச்சி குனிந்து பார்த்தது. பொடிச்சி இந்த முறை கண்ணைத் திறக்கவில்லை. நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

சடைச்சி எழுந்தது. நேரே போய் ரிப்பனைக் கடித்துத் தின்றது. அடம்பன் கொடிதானே.

"ஏய், ரிப்பன்! ரிப்பன்!" என்று கடுக்கன் பக்கவாட்டில் ஓடியது.

"வெட்டியாச்சு" என்றது சடைச்சி, மென்றுகொண்டே. குனிந்து தோண்டத் தொடங்கியது. மணல் பறந்து கொம்பையாவின் பொன்னாடையில் விழுந்தது.

"காவல்!" என்று கத்தினார் கொம்பையா.

காவல் கழுதைகளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஒன்று மற்றதைப் பார்த்தது. இரண்டும் வந்து ரிப்பன் இருந்த இடத்தைத் தாண்டிக் குனிந்தன. மிதித்த காலாலேயே தோண்டின. பூநாரையும் மடக்கிய காலை இறக்கிக்கொண்டு வந்தது.

"ஐயா, நீங்க பேசணும்" என்றது கடுக்கன்.

"தள்ளுப்பா" என்றது பூநாரை. அலகை மணலுக்குள் விட்டது.

மேடையில் கொம்பையா மட்டும் நின்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "உடும்பு அவர்க... அவர்க்..." குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். சங்கில் காற்று மட்டும் வந்தது. இந்த வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தாகம் எடுத்தது. மேட்டுப் பாறையைப் பார்த்தார். அங்கே இருப்பது என்ன என்று அவருக்கே தெரியும். மேடையை விட்டு இறங்கினார்.

"தலைவர் உரை இன்னும் முடியலையே?" என்றது கடுக்கன்.

"முடிஞ்சுது" என்று சைகை காட்டினார்.

தண்ணீர் ஊறியது. கொம்பையா குனிந்தார். சடைச்சி குறுக்கே வந்து நின்றது.

"அண்ணாச்சி, வரிசை."

பொடிச்சியின் வாயைச் சடைச்சி தண்ணீரில் வைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. சடைச்சி தன் நாக்கை நனைத்து அதன் மூக்கில் தடவியது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொடிச்சியின் நாக்கு அசைந்தது. ஒரு மடக்கு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தலையை நிமிர்த்தி ஒரு தும்மல்.

சிறப்பு விருந்தினர், செயலாளர், தலைவர் எல்லாரும் அந்தத் தும்மல் முடியும் வரை நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தலைவருக்கு இடம் கழுதைகளுக்குப் பின்னால்.

மறுநாள் காகம் செய்தி சொன்னது.

"நேற்று ஊற்றுத் திறப்பு விழா இனிதே நடைபெற்றது. தலைவர் கொம்பையா தலைமை தாங்கினார். பூநாரை அவர்கள் திறந்து வைத்தார். செயலாளர் கடுக்கன் நன்றி கூறினார்."

கழுதை கேட்டது: "சடைச்சி, உன் பேரே வரலையே?"

சடைச்சி காதை ஆட்டியது. அதன் மடியில் பொடிச்சி முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"வராட்டிப் போகுது. நீ தள்ளி நில்லு, அவ மேல உன் நிழல் விழுது. குளிருதாம்."

தாகத்துக்குத் தேதி குறிப்பவர் எவரோ, அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பார்.